அரிசி கழுவின தண்ணி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அதைக் கேட்காதே.

நீ சொன்னபடி பால்கனிச் செடிக்கு அரிசி கழுவின தண்ணி ஊற்றினேன். அது கீழ்வீட்டு அம்மா காயப்போட்ட நீலப் போர்வையில் சொட்டி, கஞ்சி போட்டமாதிரி ஆகிவிட்டது. அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். தொட்டிகளை எடுக்கச் சொல்வாரோ என்று பயந்துகொண்டே திறந்தேன். தக்காளிச் செடியைப் பார்த்ததும், "அட, பூ விட்டிருக்கே! அடியில ஒரு தட்டு வையும்மா, போதும்," என்றார். அப்பாடா!

அடுத்து கத்தரி விதை அனுப்பு. பொட்டலத்தின் மேல் 'கத்தரி' என்று நீயே எழுது. விதையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுது. போன தடவை நீ 'தக்காளி' என்று எழுதின காகிதத்தைத் தொட்டியில் செருகி வைத்திருந்தேன். தண்ணி பட்டு உன் எழுத்து அழிந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்