சவப்பெட்டியின் கிரீச்

அன்புள்ள ரூடி,

என் எல்மரும் நீயும் கடைசிவரை ஏன் பேசிக்கொள்ளவில்லை என்பதை இப்போது கிளற வேண்டாம்.

நேற்று கடைக்காரர் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டி, "சத்தமே வராது மேடம்" என்று பெருமையடித்தார்.

"அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கு ஒத்துவராதுங்க" என்றேன். பாவம், முழித்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி டிவியில் பேய்ப்படம் போடுமுன் எல்மர் ரத்தக்காட்டேரி வேஷத்தில் பெட்டிக்குள்ளிருந்து எழுவார். அந்தக் 'கிரீ...ச்'சுக்காக யங்ஸ்டவுன் ஊரே காத்திருக்கும். அது பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த உன் தொண்டையிலிருந்து வந்தது என்று நம் மூவருக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை அவர் அடக்கத்துக்கு சர்ச்சுக்கு வா. பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன், சின்ன வயதில் அவரும் போர்வைக்குள்ளிருந்து பார்த்தவராம்.

அத்தனை வருஷம் அவருக்குப் பெட்டியைத் திறந்துவிட்டவன் நீ. மூடும்போதும் நீதான் சத்தம் கொடுக்க வேண்டும்.

வருவாய், தெரியும்.

பெட்டிக்குப் பின்னால் உனக்கு இடம் விட்டு வைத்திருப்பவள்