என்னை வந்து பார்

அக்டோபர் 4

அன்பு வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து பாடம், வாரம் மூன்று நாள் ஆய்வகம், அதற்கும் மேல் நாடகக் குழு! ஆயிரத்தில் ஒருவரைப் பொறுக்கி எடுக்கும் பல்கலைக்கழகத்தில் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் இப்படித்தான் ஆகும். கணக்குத் தாளில் மதிப்பெண்ணே போடாமல், ‘என்னை வந்து பார்’ என்று பேராசிரியர் எழுதிவிட்டார் என்கிறாய்.

வேலை கிடைத்ததால் நான் அங்கே படிப்பைப் பாதியில் விட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இதே மனிதர் என் தாளிலும் இதையேதான் எழுதினார். கூப்பிட்டு உட்காரவைத்து, ‘நீ லாயக்கில்லை’ என்று சொல்வதற்குத்தானே? அந்தச் சுகத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அன்றே பெட்டியைக் கட்டினேன்.

நீயும் போகாதே. இங்கே பக்கத்துக் கல்லூரியில் இடம் பேசிவிட்டேன். கிளம்பி வா.

அப்பா

அக்டோபர் 11

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள், போய்விட்டேன். நானும் பெட்டியைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். நாடகக் குழுத் தோழிகள், “திட்டினா திட்டட்டும், வாடி!” என்று அவர் அறைக் கதவுவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“மூணாவது கணக்கை நீ போட்ட வழி எந்தப் புத்தகத்திலயும் இல்லையேம்மா. எவ்வளவு மார்க் போடறதுன்னு தெரியலை, அதான் கூப்பிட்டேன்” என்றார். பிறகு சிரித்தார். “இத்தனை வருஷத்துல ஏழு பேருக்குத்தான் இப்படி எழுதியிருக்கேன். ஒருத்தன் மட்டும் வரவே இல்ல. விடுதிக்கே போய்த் தேடினேன். காலி பண்ணிட்டான்னாங்க.”

“அது எங்கப்பா, சார்” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நீங்கள் பெட்டி கட்டியது, என் ஐந்து பாடம், தோழிகள் என்னை இழுத்துவந்தது எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் எழுந்தபோது, “ஒரு பாடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வை. சிநேகிதங்கள விட்டுடாதே. ‘போய்த்தான் பாரேன்டா’ன்னு சொல்ல அவனுக்கு ஒருத்தன்கூட இல்லாமப் போச்சே” என்றார்.

நான் இங்கேயே இருக்கட்டுமா, அப்பா?

வாலு

அக்டோபர் 19

வாலு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், யாராவது போயிட்டாங்களா?” என்றார். ஆமாம் என்றேன்.

அந்த மனிதரை மனத்துக்குள் திட்டாமல் நான் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. இனி யாரைத் திட்டுவது?

அங்கேயே இரு. கல்லூரிக்காரரிடம் நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். உன் தோழிகளிடம், அப்பா விசாரித்ததாகச் சொல்.

அவரைப் பார்த்தால் ஒன்று கேட்டு எழுது. என் தாளில் அவரைத் திகைக்க வைத்தது எந்தக் கணக்கு? எத்தனை யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. அந்தச் சிவப்பு மை மட்டும்தான் நினைவிருக்கிறது.

அப்பா