அபி இல்லாத மூன்றாம் ஆண்டு

8 ஜூலை 2024
பி.ஏ. பொருளாதாரம், மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. அபி வரவில்லை. மதியம் போன் செய்தேன். "நைனா இனிமே தறி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க மோனி. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனில சேந்துட்டேன். ஹாஸ்டல் அவங்களே தராங்க" என்றாள். ஏதோ சினிமாவுக்குப் போவதைப்போலச் சொன்னாள். சென்னையில் சேர்ந்தே எம்.ஏ. படிப்போம் என்று இரண்டு வருடமாகப் பேசினோமே? சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

28 ஜூலை
ஆடிக் கிருத்திகைக் கூட்டம். கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தேன். அபி இருந்திருந்தால், "இதான்டி டிமாண்டு" என்று காதில் கத்தியிருப்பாள்.

19 ஆகஸ்ட்
ஷிப்ட் முடிந்ததும் தினமும் கூப்பிடுகிறாள். "இன்னிக்கு இன்னா நடத்துனாங்க?" சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. இன்று பன்னாட்டு வாணிபம். ஒரு நாடு எதை மலிவாகச் செய்ய முடியுமோ அதைச் செய்து விற்கும் என்றேன். "அப்ப மலிவா இருக்கறது நாங்கதானாடி?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2 அக்டோபர்
மூன்று நாளாகப் போன் இல்லை.

5 அக்டோபர்
நானே கூப்பிட்டேன். புள்ளியியல் ஆரம்பித்துவிட்டார்கள் என்றேன்.
"வேணாம் மோனி. பாடத்தப் பத்தி சொல்லாத."
"ஏன்டி?"
"கேட்டுட்டுப் படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது. லைன்ல நின்னுகினு அதையே யோசிக்கறேன். சூப்பர்வைசர் திட்டுறாரு."
அப்புறம் என்ன பேசுவது? அவள் அப்பா எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்காரு. அவ்வளவுதான்.
கோபமாக இருக்கிறது – யார்மேல்? அவ இன்னா பண்ணுவா, பாவம். எனக்கு அவ வேணும். அவ்ளோதான்.

16 ஜனவரி 2025
பொங்கல் லீவில் அபி வந்திருக்கிறாள். ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். புதுக் கம்மல், இளைத்த முகம். அவள் அம்மா கோவிந்தம்மாள், "இவளாலதாம்மா வீடு ஓடுது" என்றபடி வடை வைத்தார். அபி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் நின்று, "பரீட்சை முடிஞ்சா கேள்வித்தாள தூக்கிப் போட்டுடாத. எடுத்து வை" என்றாள்.
"எதுக்கு?"
"சும்மாதான்."

11 ஏப்ரல்
எல்லாப் பரீட்சையும் முடிந்தது. வெளியே வந்தவுடன், இந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று சண்டை போட ஆளில்லை.

20 ஜூன்
ரிசல்ட் வந்துவிட்டது, முதல் வகுப்பில் தேறிவிட்டேன். சென்னையில் எம்.ஏ. இடமும் கிடைத்துவிட்டது. அபியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள்.
"சேந்துடுவ இல்ல?"
"ஆங்."
"நானும் சேந்துட்டேன். தொலைதூரக் கல்வில. பி.ஏ. பொருளாதாரம். மறுபடி மொதல்லேந்து."
"மொதல் வருசமா!"
"ஆமா. நீ எனக்கு சீனியர்டி."
இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் போனில் அவள் ஹாஸ்டலில் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.