தகரப் படகில் வந்த ஐந்து மீன்கள்

என் செல்ல மகன் ராய்ஸுக்கு அம்மா எழுதுவது. அலபாமாவில் நாங்கள் எல்லோரும் சுகம், வடக்கே அந்த டகோட்டாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுமென்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். முதலில் பிள்ளைகள் சமாசாரம். உன் தங்கை மகன் கோல்ட்டர் எழுத்துக்கூட்டும் போட்டியில் நம் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்துவிட்டான், எனக்கு வாயில்கூட நுழையாத வார்த்தையெல்லாம் சொன்னான். அவன் தங்கை அன்னாலீ முன்பல் விழுந்த வாயோடு பைபிளிலிருந்து எட்டு சங்கீதம் ஒப்பித்து ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினாள். இனி உன் மகள் ரேலின். போன சனிக்கிழமை நடந்த பள்ளிக்கூடங்களின் பாஸ் மீன் பிடிக்கும் போட்டியில் நூற்றெண்பது படகுகளில் அவளும் அவள் ஜோடி ஷெல்பியும் மூன்றாவது, மாநிலப் போட்டிக்கே தேர்வாகிவிட்டார்கள்!

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை ராய்ஸ். பெரிய படகு இல்லாவிட்டால், மீன்பிடி அணிக்கு ஆள் எடுக்கும் கல்லூரிக்காரர்கள் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் படகுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு வருடம் எண்ணெய்க் கிணற்றிலேயே இருக்கப்போகிறேன் என்றாயே, இதைப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மூங்கில் கழியும் டப்பாவில் புழுவும் போதும். இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓர் அணி, பயிற்சியாளர், முதுகு முழுக்கக் கடைப் பெயர் போட்ட சட்டை, மினுமினுக்கும் படகு, அதை இழுக்க ஒரு வண்டி, தண்ணீருக்கடியில் மீன் நிற்பதைக் காட்டும் திரை. நம் வீட்டையும் நிலத்தையும் விற்றாலும் அதில் ஒரு படகு வாங்க முடியாது, ஆனாலும் வாரத்துக்கு வாரம் படகுகள் கூடிக்கொண்டேதான் போகின்றன.

போட்டியன்று விடியலில் ஜெபமும் தேசிய கீதமும் முடிந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, படகுகள் ஏரியைக் கிழித்துக்கொண்டு இருபது மைல் முப்பது மைல் என்று பறந்தன. பிள்ளைகளின் படகைப் பெரியவர் ஒருவர் ஓட்ட வேண்டும், ஆனால் தூண்டிலைத் தொடக்கூடாது, அதுதான் விதி. உன் மனைவிக்கு சனிக்கிழமை ஆஸ்பத்திரி வேலையாதலால் நம் பழைய தகரப் படகுக்கு நான்தான் கேப்டன். நான் எஞ்சினை முடுக்கப் போனால் ரேலின் என் கையைப் பிடித்து, "எங்கயும் போக வேணாம் பாட்டி, இந்தத் துறையிலயே நில்லுங்க" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு சொன்னாள், "போன வாரம் பெரியவங்க போட்டி முடிஞ்சு எடை போட்ட மீனையெல்லாம் இங்கதானே உயிரோட விட்டாங்க? அதுங்களுக்கும் வீட்டுக்குப் போக வழி தெரியாது, இங்கதான் சுத்திட்டு இருக்கும். விதியில தடை இருக்கான்னு ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்துட்டேன், இல்ல." தன் வீட்டுப் பிள்ளைகளின் படகை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன நம் ஊர் டீட்டர், "என்ன ஓலீட்டா அம்மா, எஞ்சின் செத்துப்போச்சா? கயிறு கட்டி இழுக்கவா?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஷெல்பிக்கு அழுகையே வந்துவிட்டது. ரேலின் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. துறையின் மரத்தூண்களின் நிழலில், தூண்டிலில் மாட்டிய ரப்பர் புழுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே நின்றாள், மத்தியானத்துக்குள் ஐந்து மீன், எடை மேடைக்குக் கொண்டுபோக விடுவதே அவ்வளவுதான்!

எடை மேடையில் பதினெட்டு ராத்தலுக்கு மேல், ஐந்தும் உயிரோடு. ஒரு பீப்பாய் பெட்ரோலை எரித்துவிட்டு இரண்டு மீனோடு திரும்பிய டீட்டர் மெதுவாக வந்து, "எங்க புடிச்சீங்க?" என்றார். "தண்ணியிலதான்" என்றேன். கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் வந்து, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டு ரேலின் பெயரை எழுதிக்கொண்டு போனார். எங்கள் படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரிந்துகொள்.

திரும்பும் வழியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புதுப் படகு வந்தா அப்பா வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆகும். அப்போ நான் இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்க மாட்டேன் பாட்டி. அப்புறம் அதை யாரு ஓட்டுறது?"

மாநிலப் போட்டி மே மாதம். லீவு போடுவாயோ வேலையையே விடுவாயோ, வந்து சேர். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதே. மாநிலப் போட்டிப் படிவத்தில் கேப்டன் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதவில்லை, உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். அதில் கேப்டனின் படம் ஒட்ட வேண்டுமாம். எங்களிடம் இருப்பது தாடி வைப்பதற்கு முன்னால் எடுத்தது, அதைக் காட்டினால் உன்னைத் துறையில் இறங்க விடமாட்டார்கள். இப்போது இருக்கிற முகத்தோடு ஒன்று எடுத்து இந்த வாரமே தபாலில் போடு.

உன் அம்மா,
ஓலீட்டா