பட்டாளப் பத்திரிகையின் கடைசிப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான், இதுவரை எனக்காக எழுதிக் கொடுத்த பக்கத்து வீட்டு வாத்தியார் இல்லை. இப்போது எனக்கே எழுதப் படிக்கத் தெரியும். இவ்வளவு எழுத நான்கு நாள் ஆயிற்று. விரல் வலிக்கிறது, மனசு துள்ளுகிறது. கடைப் பலகை, பஸ் போர்டு, மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை. என்னோடு கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்ப முடியும் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

குடும்பக் கதை எழுதப்போவதாகவும், பெரியப்பாவைப் பற்றிப் பழைய பட்டாளப் பத்திரிகைகளில் பார்க்கும்படியும் கேட்டிருந்தாய். அண்ணன் இறந்த மாதத்திலிருந்து அவை தபாலில் சும்மாவே வந்தன. அப்போது வீட்டில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. படம் பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவோம்.

எழுதிக்கொள். இருபது வயதில் சேர்ந்தார். லாரி ஓட்டினார். இருபத்து மூன்றில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அடக்கம் செய்த படமும் இருக்கிறது. அவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததும் சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். துக்கச் செய்தி என்பது பிறகுதான் உறைத்தது.

இன்னொன்றும் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், ஆளைத் தேடுகிறவர்கள் கொடுக்கும் சின்ன அறிவிப்புகள் வரும். அண்ணன் போன அடுத்த வருஷம், ஆகஸ்ட் இதழில் இப்படி இருக்கிறது: “தம்பி குள்ளனுக்கு. செப்டம்பர் பதினேழு மதியம் வருவேன். கொடியில் வெள்ளைத் துணி கிடந்தால் உள்ளே வருகிறேன். இல்லாவிட்டால் திரும்பிவிடுகிறேன்.”

என்னைக் குள்ளன் என்று கூப்பிட்டது அண்ணன் ஒருவர்தான். அவரும் கைநாட்டு.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதே வரிகள். ஒன்பதாவது வருஷம் மாறியிருக்கிறது: “போன வருஷம் துணி கிடந்தது. அம்மா என்னோடு சுகம்.”

உன் பாட்டி போனது அதற்கு முந்தின வருஷம், செப்டம்பர் பதினேழு. மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவள்தான். அன்று காலை அவள் போர்வையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டவன் நான். வெள்ளைப் போர்வை.

பத்தாவது வருஷத்தோடு பத்திரிகை நின்றுவிட்டது. அதில் கடைசி அறிவிப்பு: “குள்ளா, உன்னையும் பார்க்க ஆசை. அவசரமில்லை. நீ படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு வருகிறேன்.”

அதற்குப் பிறகு எத்தனையோ பதினேழாம் தேதியில் என் வேட்டி கொடியில் ஆடியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. அப்போது எனக்குப் படிக்கத் தெரியாதே.

அண்ணனைப் பார்க்க எனக்கும் ஆசைதான் மகளே. ஆனால் போன வாரம் நூலகத்தில் பெயர் சேர்த்தேன். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம் தருகிறார்கள். சுவர் சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் முதல் தட்டையே தாண்டவில்லை.

உன் அம்மா துணி துவைக்காத நாள் கிடையாது. நான் சொன்னால் கிண்டல் செய்வாள், நீ சொன்னால் கேட்பாள். செப்டம்பர் பதினேழாம் தேதி மட்டும் கொடியில் எதுவும் போட வேண்டாம் என்று போனில் சொல்லிவிடு. காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
மெதுவாகப் படிக்கும் உன் அப்பா