துடைக்காமல் விட்ட செடி

கோவில்பதாகை, ஆவடி
ஜூலை 9

அன்புள்ள அரவிந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். மாலையில் மழை பெய்கிறது. தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை.

உன் செய்தி பார்த்தேன். தீவில் மிஞ்சியிருந்த பதினோரு செடிகளையும் கடல்நீர் கொண்டுபோய்விட்டது, இனி உலகத்திலேயே நம் மொட்டைமாடியில் இருக்கும் மூன்றுதான், பதினாலாம் தேதி உன் ஆராய்ச்சி மாணவன் தினகரனை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

மூன்று இல்லை, ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டு மார்ச்சிலேயே பட்டுப்போயின. ஞாயிறுதோறும் கூப்பிட்டதும் நீ முதலில் கேட்பது அவற்றைத்தான். நன்றாக இருக்கின்றன என்றே சொல்லிவந்தேன். நான் படித்த கான்வென்டில் பொய்க்கு முழங்காலிட வைப்பார்கள். எழுபத்து நான்கு வயதில் எனக்கு அதற்கும் வழியில்லை.

தண்ணீர் நீ சொன்ன அளவுதான். தவறு வேறு. இலைமேல் இருந்த வெள்ளைப் பூச்சை லாரிப் புழுதி என்று நினைத்தேன். தினமும் காலையில் அப்பா படத்தைத் துடைத்த கையோடு மாடிக்குப் போய் இலைகளையும் ஈரத்துணியால் துடைத்தேன். வேலைக்கு வரும் நாகம்மாள் அப்போதே கேட்டாள்: “அது இன்னா இஸ்கூல் போற புள்ளையாம்மா, தெனம் மூஞ்சி தொடச்சி உட்டுகினு கீறே?” அவளை அதட்டினேன்.

தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன மூன்றாவது செடிக்கு என் கை எட்டவில்லை. குழாயை நீட்டித் தண்ணீர் விட்டதோடு சரி. அது மட்டும் பூச்சோடு தழைத்து நிற்கிறது. வெயிலிலிருந்து காப்பதே அந்தப் பூச்சு போலும். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது மாடிக்கு நாகம்மாள்தான் போகிறாள். இலையைத் துடைக்காதே என்றேன். “அத்த நான் உனக்குச் சொல்லணும்மா” என்றாள். நேற்று மொட்டு விட்டிருப்பதாகச் சொன்னாள். பதினேழு படிகளையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். நான்கு மொட்டுகள்.

தினகரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, அவனிடம் தர மாட்டேன். டேங்குக்கும் சுவருக்கும் இடையே வைத்தவனுக்குத்தான் எடுக்கத் தெரியும். நீயே வா. திட்டுவதை நேரில் திட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் செடிகளோடு வந்தவன் ஒரு வாரம் இருப்பதாகச் சொன்னாய். தாடியைப் பற்றி நான் பேசியதும் மறுநாளே கிளம்பினாய்.

அந்தச் செடியும் நீயும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். தாடியோடேயே வா.

உன் அம்மா,
வசந்தகுமாரி