உன்மேல் போட்ட பழி

அம்மா,

உங்கள் கல்யாணப் படத்தை இன்று காலைதான் திரும்பச் சுவரில் மாட்டினேன். மூன்று மாதத்துக்கு முன் மதுரை டாக்டர் கேட்டார் என்று இறக்கியது. படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் பழுப்பேறாமல் இருந்தது.

என் மகளை நீ பார்த்ததில்லை. நீ போன மறு வருடம் பிறந்தாள். சில வாரங்களிலேயே நெற்றி ஒரு பக்கம் புடைத்து, கண் பிதுங்கத் தொடங்கியது. அப்படியே தம்பி செல்வத்தின் முகம்.

உத்தமபாளையத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மண்டையோட்டு எலும்புகள் நேரம் வருவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டதால் மூளை வளர இடமில்லை, ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டு, இருக்கிற படங்களைக் கொண்டுவரச் சொன்னார். செல்வத்தை யாரும் படம் எடுத்ததே இல்லை. உங்கள் கல்யாணப் படம்தான் இருந்தது. அதில் அவர் உன்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் சரிந்த இமைமேல் விரலை வைத்தார். பிறகு என் இமையைப் பார்த்தார். ஒட்டியிருக்கும் என் கால்விரல்களையும் பார்த்தார்.

செல்வத்துக்கு ஊர் சொன்ன காரணம் வேறு. அவன் உன் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகண மதியம், கன்றுக்குட்டி கழுத்தில் கயிறு இறுகிக் கத்தியது. ஓடிப்போய் அவிழ்த்துவிட்டாய். அவ்வளவுதான். "கன்னுக்குட்டியக் காப்பாத்திப் புள்ளையக் கெடுத்துட்டா" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நீ மறுத்ததில்லை. தலைவலியில் அவன் சுவரில் முட்டிக்கொள்ளும்போது உன் உள்ளங்கையை நடுவில் கொடுப்பாய். பார்வை மங்கி, ஒன்பது வயதில் அவன் போன பிறகும் சித்திரைதோறும் வீரபாண்டி கோயிலுக்கு நடந்துபோய்த் தீச்சட்டி எடுத்தாய். அவன்தான் இல்லையே, இனி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் செஞ்சதுக்குத்தான் தாயி" என்றாய்.

எங்கள் மூன்று பேரின் ரத்தப் பரிசோதனை முடிவு போன மாதம் வந்தது. எலும்புகளைச் சீக்கிரம் ஒட்டவிடாமல் காக்கிற மரபணு ஒன்று உண்டாம். அதில் ஒரு துண்டு என் மகளுக்கு இல்லை. எனக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. தம்பிக்கும் அப்பா வழியாகத்தான் வந்திருக்கும், சிலருக்கு அது இமையோடு நின்றுவிடும், சிலருக்கு மண்டையையே நெரிக்கும் என்றார் டாக்டர். யார் செய்த தப்பும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார்.

அப்பா திராட்சைப் பந்தலுக்கு அடியில் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே வைத்துத்தான் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் இமையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ ஒண்ணும் செய்யலையா?"

"செய்யலப்பா. டாக்டரு தெளிவாச் சொல்லிட்டாக."

"இத அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அன்றிலிருந்து அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

மகளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காதிலிருந்து காதுவரை போட்ட தையல் ஆறிவருகிறது. கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நினைத்துக்கொள்கிறேன். செல்வத்தையும் கைக்குழந்தையிலேயே மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம். காரணம் தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிட்டதால் யாருக்கும் அது தோன்றவில்லை.

அப்பாவை மட்டும் சொல்லி என்ன. செல்வத்தைப் புதைத்துவிட்டு வந்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு உன் எதிரில் நின்று, "நீ வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா தம்பி இருந்திருப்பான்" என்றேன். நீ அடிக்கவில்லை, அழவுமில்லை. "ஆமா தாயி" என்றாய். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றை எனக்குப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாய்.

அந்த ஆமாவைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன், அம்மா.